ஒரே காது, ஓயாத குறட்டை: பூனையின் பாலிப்பை அறிகுறி பார்த்துக் கண்டுபிடிப்பது

எங்கள் ஊர் மலேசியாவின் சிலாங்கூரில் இருக்கும் பெஸ்தாரி ஜெயா. 2007-இல் பெயர் மாறிவிட்டாலும் தோட்டத்து ஆட்களுக்கு அது இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். சுற்றிலும் செம்பனை, அதனால் எலிக்குப் பஞ்சமில்லை. எலி இருக்கிற ஊரில் பூனையும் இருக்கும். லயத்தில் இருந்த காலத்திலும் சரி, தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுக்கு மாறின பிறகும் சரி, எங்கள் வீட்டில் பூனை இல்லாத நாள் கிடையாது.

அதில் ஒருவன் கறுப்பன். ஒன்பது மாதக் குட்டியாக இருந்தபோது அவனுடைய இடது காதில் சீழ் வந்தது. காதுப்பூச்சி என்று சொல்லிச் சொட்டு மருந்து கொடுத்தார்கள். சொட்டுப் போட்டால் ஒரு வாரம் நன்றாக இருக்கும், நிறுத்தினால் திரும்ப வரும். மருந்தை மாற்றி மாற்றி நான்கு மாதம் ஓட்டினோம். கடைசியில் வேறொரு மருத்துவர் மயக்க மருந்து கொடுத்துப் பார்த்தபோதுதான் உள்ளே இளஞ்சிவப்பாக ஒரு சதை உருண்டை இருந்தது தெரிந்தது. அதுதான் பாலிப். அந்த நான்கு மாத வலி அவனுக்குத் தேவையே இல்லாதது. இன்னொரு பூனைக்கு அது நடக்கக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

எதற்கும் முன்னால் இதைப் பாருங்கள்

உங்கள் பூனை வாயைத் திறந்துகொண்டு மூச்சு வாங்குகிறதா? கழுத்தை முன்னால் நீட்டி, முழங்கையை விரித்து உட்கார்ந்து மூச்சுக்குத் தவிக்கிறதா? ஈறு வெளுத்தோ நீலம் பாய்ந்தோ இருக்கிறதா? அப்படியானால் இதைப் படித்துக்கொண்டிருக்க வேண்டாம். உடனே கூண்டில் வைத்துக் கிளம்புங்கள். வாயைத் திறந்து தொண்டைக்குள் பார்க்க முயல வேண்டாம். திமிறும்போது மூச்சு இன்னும் அடைக்கும். போகிற வழியில் கிளினிக்குக்குப் போன் செய்து, "பூனை வாயால் மூச்சு விடுகிறது" என்று சொல்லிவிடுங்கள். அந்த ஒரு வாக்கியம் போதும், ஆக்சிஜனைத் தயாராக வைத்திருப்பார்கள்.

பாலிப் எங்கே முளைக்கிறது

இதைக் கொஞ்சம் புரிந்துகொண்டால் அறிகுறிகள் எல்லாம் தானாகப் பிடிபடும். பூனையின் செவிப்பறைக்குப் பின்னால், மண்டையோட்டின் அடிப்பக்கம், மொச்சைக்கொட்டை போல ஓர் எலும்புக் குமிழ் இருக்கிறது. அதுதான் நடுச்செவி. அங்கிருந்து மெல்லிய குழாய் ஒன்று மூக்குக்கும் தொண்டைக்கும் நடுவில், மென்னண்ணத்துக்கு (வாயின் மேல்கூரையில் பின்பக்கம் இருக்கும் மெத்தென்ற பகுதி) மேலே போய்த் திறக்கிறது. பாலிப் என்பது இந்த நடுச்செவியின் உள்தோலிலோ அந்தக் குழாயிலோ காம்பு விட்டு வளரும் சதை. புற்றுநோய் இல்லை. ஆனால் வளர இடம் தேடும். செவிப்பறையைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தால் காதில் சீழ். குழாய் வழியாக உள்ளே இறங்கினால் தொண்டையில் அடைப்பு. குமிழுக்குள்ளேயே நின்றால் தலை சாயும், கண் மாறும். சில பூனைகளுக்கு இரண்டு பக்கமும் போகும்.

பெரும்பாலும் இளம் பூனைகளுக்குத்தான் வரும், குறிப்பாகச் சில மாதக் குட்டியிலிருந்து மூன்று வயது வரை. காரணம் இதுதான் என்று இதுவரை யாரும் உறுதியாக நிறுவவில்லை. பிறவியிலேயே இருக்கலாம், நாள்பட்ட அழற்சியால் வரலாம், சளிக்காய்ச்சல் வைரஸ்களால் தூண்டப்படலாம் என்று பல கருத்துகள் உண்டு. அதனால் "நாங்கள் என்ன தப்பு செய்தோம்" என்று வீட்டில் யாரும் மனம் நோக வேண்டாம்.

அறிகுறி: ஒரு காதில் மட்டும் அழுக்கு, சீழ், நாற்றம்

எல்லாரும் இங்கேதான் ஏமாறுகிறோம், அதனால் நிதானமாகப் பாருங்கள்.

முதல் கேள்வி, ஒரு காதா, இரண்டு காதுமா? காதுப்பூச்சி பெரும்பாலும் இரண்டு காதிலும் இருக்கும். அழுக்கு காப்பித்தூள் மாதிரி கறுத்து, உலர்ந்து, உதிரும். வீட்டில் இருக்கிற மற்ற குட்டிகளும் சேர்ந்து சொறியும். சந்தேகம் இருந்தால் காது விளிம்பில் ஒட்டியிருக்கும் அழுக்கைக் கொஞ்சம் எடுத்துக் கறுப்புக் காகிதத்தில் தட்டி, நல்ல வெளிச்சத்தில் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். ஊசிமுனை அளவு வெள்ளைப் புள்ளி நகர்ந்தால் அது பூச்சி. அதற்குக் கழுத்தின் பின்பக்கம் விடும் செலமெக்டின் போன்ற மருந்தே போதும், கதை அங்கேயே முடிந்துவிடும்.

எண்ணெய்ப் பிசுக்குடன் பழுப்பாக, புளித்த மாவு வாடை அடித்தால் அது பூஞ்சையாக இருக்கலாம். மஞ்சளாகவோ பச்சையாகவோ சீழ் வந்து, நாற்றம் எடுத்து, அதுவும் ஒரே பக்கம் என்றால் காதுக்குள் ஏதோ ஒன்று கிருமியை வளர்த்துக்கொண்டிருக்கிறது. அது லாலாங் புல்லின் துணுக்காக இருக்கலாம், பாலிப்பாகவும் இருக்கலாம்.

இரண்டாவது கேள்வி, திரும்பத் திரும்ப வருகிறதா? நான் இதைத்தான் பெரிய அடையாளமாக எடுத்துக்கொள்வேன். பாலிப் இருக்கிற காதிலும் கிருமி இருக்கும். மருந்து கிருமியைக் கொல்லும், சீழ் நிற்கும், நமக்கும் நிம்மதியாகிவிடும். ஆனால் சதை அங்கேயே இருப்பதால் கிருமி மறுபடி குடியேறும். கறுப்பன் விஷயத்தில் ஒவ்வொரு மருந்தும் "வேலை செய்தது". அதுதான் எங்களை ஏமாற்றியது. இளம் பூனை, ஒரே காது, முறையாக மருந்து போட்டும் இரண்டாம் தடவை வந்துவிட்டது என்றால் மூன்றாவது புட்டி மருந்து வாங்காதீர்கள். "மயக்கம் கொடுத்து உள்ளே பார்க்க முடியுமா டாக்டர்?" என்று கேளுங்கள். பூனையின் காதுக்குழாய் நேராகப் போகாது, கீழே இறங்கிப் பிறகு உள்பக்கம் திரும்பும். வலியோடு விழித்திருக்கும் பூனையிடம் அந்தத் திருப்பத்துக்கு அப்பால் பார்ப்பது எந்த மருத்துவருக்கும் கடினம்.

இந்தச் சமயத்தில் வீட்டு வைத்தியம் எதுவும் செய்ய வேண்டாம். எங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டி பூண்டு போட்டுக் காய்ச்சின எண்ணெயைக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். "நம்ம புள்ளைங்களுக்கு எல்லாம் இதுதான்மா ஊத்துனோம், ஒண்ணும் ஆகல" என்றார். "பாட்டி, இவனுக்கு உள்ள ஜவ்வு கிழிஞ்சிருந்தா எண்ணெய் நேரா மூளைப் பக்கம் இருக்கிற இடத்துக்குப் போயிடும் பாட்டி" என்று சொன்னதும் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டார். அன்பில்தான் கொண்டுவந்தார். ஆனால் பாலிப் வெளியே வந்திருக்கிறது என்றால் செவிப்பறை கிழிந்திருக்கிறது என்று பொருள். அப்போது எண்ணெய், ஹைட்ரஜன் பெராக்சைடு, டீ ட்ரீ ஆயில் எதுவும் உள்ளே போகக் கூடாது. ஜென்டாமைசின் கலந்த சொட்டு, குளோர்ஹெக்சிடின் கழுவும் மருந்து போன்றவைகூடக் கிழிந்த பறை வழியாக உள்ளே போனால் கேட்கும் திறனையும் உடலின் சமநிலையையும் கெடுக்கக் கூடும். பஞ்சுக் குச்சியும் வேண்டாம், அது அழுக்கை உள்ளேதான் தள்ளும். நாய்க்கு வாங்கின உண்ணி மருந்தைப் பூனைக்குத் தடவவே கூடாது. அதில் பெர்மெத்ரின் இருந்தால் வலிப்பு வரும். வலிக்கிறதே என்று நம் பாராசிட்டமாலில் கால் மாத்திரை கொடுத்தாலும் பூனை இறந்துவிடக் கூடும்.

அறிகுறி: விழித்திருக்கும்போதும் குறட்டை

நன்றாகத் தூங்கும் பூனை இலேசாகக் குறட்டை விடுவது சாதாரணம். பெர்சியன் மாதிரி முகம் அழுந்தின இனங்கள் பிறந்ததிலிருந்தே புர்ர் என்று மூச்சு விடும். ஆனால் சாதாரண நாட்டுப் பூனை, முன்னால் இப்படி இல்லாதது, உட்கார்ந்திருக்கும்போதும் சாப்பிடும்போதும் சளி உருளுவது போல சத்தம் போட்டால், அந்தச் சத்தம் வாரக்கணக்கில் கூடிக்கொண்டே போனால், மென்னண்ணத்துக்கு மேலே பாலிப் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

வீட்டிலேயே மூன்று காரியம் செய்யலாம். போனில் சத்தத்தோடு ஒரு நிமிடம் வீடியோ எடுங்கள். கிளினிக் மேசையில் பயத்தில் பூனை வேறு மாதிரி மூச்சு விடும், அதனால் மருத்துவருக்கு உங்கள் வீடியோ மிகவும் உதவும். அடுத்து, ஆழ்ந்து தூங்கும்போது நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணுங்கள். 30-க்கு மேல் தொடர்ந்து இருந்தால் தள்ளிப்போடாதீர்கள். மூன்றாவது, எவர்சில்வர் கரண்டியைக் குளிர்சாதனப் பெட்டியில் கொஞ்ச நேரம் வைத்து எடுத்து, பூனை அமைதியாக இருக்கும்போது மூக்குக்கு முன்னால் பிடியுங்கள். இரண்டு துவாரத்துக்கும் இரண்டு பனிப்படலம் விழ வேண்டும். ஒரு பக்கம் படலமே விழவில்லை என்றால் அடைப்பு மூக்குக்குள்ளேயே இருக்கலாம். இரண்டும் விழுகிறது, ஆனால் இரண்டுமே மங்கலாக இருக்கிறது, சத்தமும் அதிகம் என்றால் இரண்டு துவாரமும் சேரும் பின்பக்கத்தைச் சந்தேகிக்கலாம். இதை வைத்து முடிவு கட்ட வேண்டாம். பார்த்ததைக் குறித்துக்கொண்டு மருத்துவரிடம் சொல்லுங்கள், அது போதும்.

தும்மலும் சளியும் இருக்கிறதே, வெறும் சளிக்காய்ச்சல்தானே என்று கேட்பார்கள். சளிக்காய்ச்சல் திடீரென்று வரும், கண்ணில் நீர் வடியும், காய்ச்சல் அடிக்கும், மற்ற பூனைகளுக்கும் பரவும். பாலிப் இதற்கு நேர்மாறு. மெதுவாக வரும், ஒரு பூனையோடு நிற்கும், ஆன்டிபயாடிக்கில் பாதி குறைந்து மறுபடி தலைதூக்கும்.

நேற்று வரை நன்றாக இருந்த பூனை இன்று திடீரென்று ஓயாமல் தும்மி, விழுங்கி விழுங்கிப் பார்க்கிறது என்றால் புல் மாட்டியிருக்கலாம். பூனை புல் தின்று வாந்தி எடுக்கும்போது புல் மேல்நோக்கிப் போய் மூக்கின் பின்பக்கம் சிக்கிக்கொள்வது உண்டு.

அறிகுறி: விழுங்கத் திணறல், குரல் மாற்றம்

பசியோடு தட்டுக்கு வரும், ஒரு வாய் எடுக்கும், பிறகு ஓங்கரித்து விலகிவிடும். "மியாவ்" கரகரக்கும், அல்லது வாய் மட்டும் திறக்கும், சத்தம் வராது. குறட்டையோடு இதுவும் சேர்ந்தால் பாலிப் பெரிதாகி மென்னண்ணத்தைக் கீழே தள்ளியிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். எடை பாருங்கள். இரண்டு மூன்று நாள் முழுதாகச் சாப்பிடாத பூனைக்குக் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து வேறு ஆபத்து வரும், பருத்த பூனையாக இருந்தால் இன்னும் சீக்கிரம் வரும்.

அறிகுறி: தலை ஒரு பக்கம் சாய்வு, தள்ளாட்டம், ஒரு கண் மட்டும் வேறு மாதிரி

காதில் சீழும் இல்லை, குறட்டையும் இல்லை, ஆனால் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தே இருக்கிறது. அந்தப் பக்கமே விழுகிறது, வட்டமடிக்கிறது. கண்மணி இரண்டும் ஒரு பக்கமாக வெட்டி வெட்டி இழுக்கிறது. இது உள்செவிவரை தொல்லை போய்விட்டதற்கான அடையாளம். சாய்வு பெரும்பாலும் கெட்ட காதின் பக்கமே இருக்கும். யாரோ அடித்துவிட்டார்கள் என்றோ பூனைக்கு வாதம் என்றோ நினைத்து விட்டுவிடுவார்கள். நாள் கடத்தாமல் கொண்டுபோங்கள்.

இன்னொன்று கண். ஒரு கண்ணில் மட்டும் மூலையிலிருந்து வெள்ளை ஜவ்வு பாதி மூடும். மேல் இமை தொங்கும், கண் உள்ளே போனதுபோல் இருக்கும், கண்மணியின் கறுப்பு சிறுத்திருக்கும். விளக்கைக் குறைத்துப் பாருங்கள். நல்ல கண்ணில் கறுப்பு விரியும், மற்றதில் விரியாது. இதற்கு ஹார்னர் என்று பெயர். பிரச்சினை கண்ணில் இல்லை. கண்ணுக்குப் போகும் நரம்பு நடுச்செவிக்குள் மெல்லிய மறைப்போடு ஓடுகிறது, அங்கே தொல்லை என்றால் கண்ணில் தெரியும். அதனால் கண் சொட்டு மருந்தோடு நிறுத்திக்கொள்ளாமல் காதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

பாலிப் இல்லை, ஆனால் எங்கள் பக்கம் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டியவை

மூக்கிலிருந்து ரத்தம் வந்தால், அதுவும் தோட்டத்துப் பக்கம் சுற்றும் பூனை என்றால், முதலில் எலிமருந்தை நினையுங்கள். செம்பனையில் வைக்கிற எலிமருந்துகளில் பல வகை ரத்தத்தை உறையவிடாது. பூனை அதைத் தின்றிருக்கலாம், தின்ற எலியைப் பிடித்தும் சாப்பிட்டிருக்கலாம். ஈறு வெளுக்கும், தோலுக்கடியில் ரத்தம் கட்டும். வைட்டமின் கே1 கொடுத்தால் பிழைக்கும், ஆனால் அன்றைக்கே கொண்டுபோக வேண்டும். மருந்துப் பொட்டலமோ அதன் பெயரோ கிடைத்தால் எடுத்துப் போங்கள்.

மூக்குத் தண்டின் மேல் வீங்கி, உடைந்து, ஆறாத புண்ணாக இருந்தால் அது ஸ்போரோட்ரைகோசிஸ் என்ற பூஞ்சை நோயாக இருக்கலாம். மலேசியாவில் பூனைகளுக்கு இது நிறையவே வருகிறது. கீறினாலோ கடித்தாலோ மனிதர்களுக்கும் தொற்றும். கையுறை இல்லாமல் தொடாதீர்கள், பிள்ளைகளைக் கிட்டே விடாதீர்கள். நீண்ட நாள் மருந்து கொடுத்தால் குணப்படுத்தலாம், பயந்து தெருவில் விட்டுவிட வேண்டாம்.

பத்து வயதைத் தாண்டின பூனைக்குக் காதிலோ மூக்கிலோ புதிதாகக் கட்டி என்றால் பாலிப் என்று ஆறுதல் சொல்லிக்கொள்ள முடியாது. அந்த வயதில் புற்றுநோயை முதலில் விலக்க வேண்டும்.

மருத்துவரிடம் போனதும்

மயக்கம் கொடுத்த பிறகு மூன்று இடமும் பார்க்க வேண்டும் என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்: இரண்டு காது, மென்னண்ணத்தின் பின்பக்கம். மென்னண்ணத்தை மழுங்கின கொக்கியால் முன்னால் இழுத்தால் பாலிப் பளபளப்பாகத் தெரியும். விரலால் அழுத்தினாலே தட்டுப்படுவதும் உண்டு. காதில் கண்டுபிடித்ததோடு நிறுத்தி, தொண்டையைப் பார்க்காமல் விட்ட பூனைகள் மறுபடி மயக்கத்துக்குப் போக நேரிடும்.

எக்ஸ்ரேயில் எலும்புக் குமிழின் சுவர் தடித்திருப்பதும் உள்ளே நிரம்பியிருப்பதும் தெரியலாம். ஆனால் எக்ஸ்ரே சுத்தமாக இருப்பதாலேயே குமிழ் சுத்தம் என்று சொல்ல முடியாது. துல்லியமாகப் பார்க்க சி.டி. ஸ்கேன்தான் வேண்டும். அது சின்ன ஊர் கிளினிக்கில் இருக்காது, பெரிய மருத்துவமனைக்குக் கடிதம் வாங்கிப் போக வேண்டியிருக்கும். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு செர்டாங்கில் இருக்கும் புத்ரா பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவமனை ஒரு வழி. காரில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். போகும் முன் செலவை வெளிப்படையாகக் கேளுங்கள், கையில் இருப்பதையும் கூச்சப்படாமல் சொல்லுங்கள். அதை வைத்துத்தான் முதலில் எதைச் செய்வது என்று அவர்களும் முடிவெடுக்க முடியும்.

இழுத்து எடுப்பதா, குமிழைத் திறப்பதா

முதல் முறை, பாலிப்பை இடுக்கியால் கவ்வி, மெதுவாக முறுக்கிக்கொண்டே காம்போடு இழுத்து எடுப்பது. கொஞ்சம் ரத்தம் வரும், அழுத்திப் பிடித்தால் நிற்கும். பல பூனைகள் அன்றே வீடு திரும்பும். செலவும் குறைவு. குறை என்னவென்றால், வேர் குமிழுக்குள் தங்கினால் மறுபடி முளைக்கும். மொத்தமாகப் பார்த்தால் பத்தில் மூன்று நான்கு பூனைகளுக்கு அப்படி ஆகிறது. தொண்டைப் பக்கம் இறங்கினதைவிடக் காதுப் பக்கம் வந்ததற்கு இந்த ஆபத்து கூடுதல். எடுத்த பிறகு சில வாரம் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மருந்து கொடுத்தால், குறிப்பாகத் தொண்டைப் பாலிப் திரும்புவது குறைகிறது. அதை நீங்களாக நிறுத்தாதீர்கள், படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

இரண்டாவது, தாடைக்கு அடியில் கீறி எலும்புக் குமிழைத் திறந்து, உள்தோலைச் சுரண்டி எடுக்கும் அறுவை. பூனையின் குமிழுக்குள் ஒரு தடுப்புச் சுவர் உண்டு, இரண்டு அறையையும் சுத்தம் செய்ய வேண்டும். திரும்பி வருவது நூறில் பத்துக்கும் கீழே குறைந்துவிடும். ஆனால் நரம்புகள் பக்கத்தில் இருப்பதால் ஹார்னர், தலை சாய்வு, முகம் ஒரு பக்கம் தொங்குவது இவை வரலாம். இதில் கைப்பழக்கம் உள்ள அறுவை மருத்துவரிடமே போக வேண்டும்.

என் கருத்தைக் கேட்டால், தொண்டைப் பாலிப், குமிழ் சுத்தம் என்றால் இழுத்து எடுப்பதில் தொடங்கலாம். காதில் வந்து, குமிழும் நிரம்பி, ஒருமுறை இழுத்தும் திரும்பிவிட்டது என்றால் மறுபடி மறுபடி இழுத்துப் பூனையையும் பணத்தையும் கரைக்காமல் அறுவைக்குப் போவது நல்லது. கறுப்பனுக்கு அப்படித்தான் செய்தோம்.

எடுத்த சதையை ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள். பார்வைக்குப் பாலிப் மாதிரி இருப்பது எல்லாம் பாலிப் இல்லை.

வீட்டுக்கு வந்த பிறகு

கண் ஜவ்வு மூடியிருக்கிறது: இழுத்து எடுத்த பிறகும் இது அடிக்கடி வரும். பயப்பட வேண்டாம், பெரும்பாலான பூனைகளுக்குச் சில வாரத்தில் தானாகச் சரியாகும். கறுப்பனுக்கு மூன்று வாரம் பிடித்தது. ஆனால் கண்ணைச் சிமிட்ட முடியாமல் காய்ந்தாற்போல் இருந்தால் அது வேறு நரம்பு, உடனே சொல்லுங்கள். கண் ஈரமாக இருக்க மருந்து தருவார்கள்.

சாப்பிட மாட்டேன் என்கிறது: மூக்கு அடைத்த பூனைக்கு வாசம் தெரியாது, வாசம் தெரியாத உணவைப் பூனை தொடாது. கெம்போங் மீனை அவித்து, முள் முழுக்க எடுத்து, இளஞ்சூட்டில் வையுங்கள். ஒரு நாள் முழுக்கத் தொடவில்லை என்றால் போன் செய்யுங்கள்.

தலை சாய்வு: முழுதாகப் போகாமல் கொஞ்சம் தங்கிவிடலாம். பூனை அதற்குப் பழகிக்கொண்டு நன்றாகவே வாழும். உயரமான அலமாரியில் ஏறாமல் மட்டும் சில நாள் பார்த்துக்கொள்ளுங்கள்.

கழுத்தில் மாட்டின கூம்பை அது உதறுகிறதே என்று கழற்றிவிடாதீர்கள். ஒரே ஒரு பின்னங்கால் உதை போதும், தையல் பிரிந்துவிடும்.

அப்புறம், நாள்காட்டியில் எழுதி வையுங்கள். மாதம் ஒருமுறை இரண்டு காதையும் முகர்ந்து பாருங்கள், தூங்கும்போது ஒரு நிமிடம் காது கொடுத்துக் கேளுங்கள். திரும்புவதாக இருந்தால் பெரும்பாலும் முதல் வருடத்துக்குள் தெரிந்துவிடும். குறட்டை மறுபடி கேட்டால் பழைய வீடியோவைப் போட்டு ஒப்பிட்டுப் பாருங்கள். அதே சத்தம் என்றால், மருந்துக்கடைக்குப் போகாமல் அறுவை செய்த மருத்துவரிடமே நேராகக் கொண்டுபோங்கள்.